பழைய பேப்பர் அல்ல, பாட்டன் சொத்து!

"பழைய பேப்பர்! பழைய புத்தகம்! பழைய இரும்பு, தகரம்!"

கே.கே. நகர்த் தெருக்களிலே காலை வேளையில் நாள் தவறாமல் கேட்கும் குரல் இது. குரல் கொடுப்பவர் மீது நமக்குக் கோபமில்லை. வெயிலிலும் மழையிலும் அலைந்து வயிறு வளர்க்கும் பாட்டாளி அவர். எடைக்கு வாங்குகிறார், எடைக்கு விற்கிறார். எதை எடைக்குப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நமக்குத் தெரிந்திருந்ததா? இல்லை என்று வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறோம்.

கே.கே. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலே வாழ்ந்து மறைந்த மூத்த தோழர் ஒருவரின் படத்திறப்புக்குப் போயிருந்தோம். 1965-ஆம் ஆண்டு மொழிப் போரிலே மாணவராகச் சிறை புகுந்தவர். பின்னர் ஆலைத் தொழிலாளியாகத் தேய்ந்தவர். பேசினோம், புகழ்ந்தோம், கண் கலங்கினோம். கூட்டம் முடிந்து, காபித் தம்ளரை வைத்துவிட்டு, அவர் மருமகளிடம் மெல்லக் கேட்டோம்:

"அம்மா, ஐயாவின் தகரப் பெட்டி ஒன்று இருக்குமே?"

"அந்தப் பெட்டிங்களா? உள்ளே எல்லாம் பூச்சி அரிச்சுப் போயிருந்துதுங்க. போன வாரம் வெள்ளையடிக்கும்போது பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம். பெட்டி வேணும்னா மாடியிலே இருக்கு."

பெட்டி இருந்தது. உள்ளே இருந்தவை போய்விட்டன. 'திராவிட நாடு' இதழ்களைக் கோணி ஊசியால் தைத்த கட்டு போயிற்று. மாநாட்டு நுழைவுச் சீட்டுகள் போயின. தேர்தல் நிதிக்கு நாலணா, எட்டணா கொடுத்தவர் பெயரெல்லாம் வரிசையாக எழுதிய ரசீதுப் புத்தகம் போயிற்று. சிறையிலிருந்து தாய்க்கு அவர் எழுதிய கடிதங்களும் போயின. உயிரோடிருந்த காலத்திலே ஒருமுறை அவரே திறந்து காட்டினார். "இன்னொரு நாள் வந்து பட்டியல் எடுக்கிறோம், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அந்த அம்மையார் மீது குற்றமில்லை. அந்தத் தாள்களுக்கு எடைக்கு மேலே ஒரு விலை உண்டு என்று யார் அவருக்குச் சொன்னது? அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய நாம், படத்துக்கு மாலை வாங்கப் போயிருந்தோம்.

அன்று மாலை அதே கே.கே. நகரில் நடந்து வந்தபோது தெருப் பெயர்ப் பலகைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. பி.டி. ராஜன் சாலை. ஆர்.கே. சண்முகம் சாலை. பி.வி. ராஜமன்னார் சாலை. ஊரின் பெயரோ கலைஞர் கருணாநிதி நகர்! ஆட்டோ நிறுத்தத்திலே நின்ற தம்பியிடம், "பி.டி. ராஜன் என்பவர் யார், தெரியுமா?" என்றோம். "யாரோ பெரிய டாக்டருங்க" என்றார். நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவர், 1936-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக அமர்ந்தவர், டாக்டராகிவிட்டார்! சண்முகம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர். ராஜமன்னார், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள உறவை ஆராய 1969-இல் கலைஞர் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1971-இல் அறிக்கை தந்தவர். மாநில சுயாட்சி என்று இன்று எவர் வாய் திறந்தாலும் அந்த அறிக்கையைத் தொடாமல் பேச முடியாது. ஏன்? அது அச்சிடப்பட்டது, அடுக்கி வைக்கப்பட்டது, இன்றும் எடுத்துப் படிக்கக் கிடைக்கிறது.

பலகையில் பெயர் மட்டுமே நிற்கும். அந்தப் பெயருக்கு உரியவர் செய்த வேலை தாளிலேதான் நிற்கும். தாள் போய்விட்டால் தலைவரும் டாக்டராவார், நாளை ஒப்பந்தக்காரரும் ஆவார்.

"அதனால் என்ன? தலைவர்கள் செய்தது மக்கள் மனத்திலே இருக்கிறதே" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. மனத்திலே இருப்பது நமக்குப் போதும். மாற்றாருக்குப் போதுமா? மேடையிலே நாம் ஒன்று சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறான். கேட்பது அவன் உரிமை. காட்டுவது நம் கடமை.

பள்ளிப் பிள்ளைக்குப் பகல் உணவு என்ற எண்ணம் எப்போது பிறந்தது? 1920-இல், வெள்ளுடை வேந்தர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டார்கள். இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோமே, எப்படி? மாநகராட்சி மன்ற நடவடிக்கைக் குறிப்பு என்ற தாள் இருந்ததால்! வகுப்புரிமை ஆணை எப்போது வந்தது? 1921 செப்டம்பர் 16, அரசாணை எண் 613. எண்ணோடும் நாளோடும் சொல்ல முடிகிறதே, எப்படி? அரசாணை என்ற தாள் இருந்ததால்!

தாள் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. எல்லிஸ் என்றொரு வெள்ளையர், சென்னையின் கலெக்டராக இருந்தவர். திருக்குறளில் தோய்ந்து அதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816-லேயே சான்று காட்டி நிறுவியவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு 40 ஆண்டு முன்னே சொன்னவர் எல்லிஸ்! 1819-இல் இராமநாதபுரத்தில் அவர் திடீரென்று மாண்டார். வாழ்நாளெல்லாம் அவர் எழுதிச் சேர்த்த கையெழுத்துக் குவியல் என்ன ஆயிற்று? மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையற்காரருக்கு மாதக் கணக்கில் அடுப்பு மூட்டவும், கோழியின் மயிரைப் பொசுக்கவும் பயன்பட்டது என்று பின்னாளில் வால்டர் எலியட் என்ற அதிகாரி வயிறெரிந்து எழுதினார்.

ஒரு சில கட்டுகள் மிஞ்சின. 1816-ஆம் ஆண்டுச் சான்று மட்டும் காம்ப்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரையாக அச்சேறியிருந்ததால் தப்பியது. அதுவும் நூலகத்து மூலையிலே கிடந்தது. தாமஸ் டிரவுட்மன் என்ற அமெரிக்க அறிஞர் தேடித் துருவி ஆராய்ந்து 2006-இல் ஒரு நூலாகவே எழுதிய பிறகுதான் எல்லிஸ் பெயர் பலர் காதிலே விழுந்தது. திராவிடம் என்பது பாதிரியார் கால்டுவெல் கட்டிய கதை என்று கேலி பேசியவர்களுக்கு விடை, கோழி பொசுக்கிய நெருப்புக்குத் தப்பிய தாளில் இருந்தது!

நம் இலக்கியத்தின் கதை மட்டும் என்ன? பழுதாகிப் போன ஏடுகளை ஆடிப் பெருக்கிலே ஆற்றில் விடுவது புண்ணியம் என்று சொல்லி வைத்தார்கள். வெள்ளத்தோடு போனவை எத்தனை என்பதை எண்ணிச் சொல்ல எவருமில்லை. ஈழத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சிட்டார். உ.வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்து, பரண்களில் கிடந்த ஏடுகளைத் தூசு தட்டி எடுத்து, 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சாமிநாதையரோடு நமக்குக் கொள்கை வேறுபாடு உண்டு. ஆனால் அவர் பரண் ஏறியிராவிட்டால், நம் மேடைகளிலே சேரன் செங்குட்டுவன் ஏது? கண்ணகி ஏது? உலகத்தாரை உறவினராகக் கொண்ட கணியன் பூங்குன்றன் ஏது? நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறோம்.

இதற்கெல்லாம் பெரும்புலமை வேண்டும், பெரும்பணம் வேண்டும் என்று தயங்கும் தோழர்களுக்கு ஒரு சாதாரண மனிதரைக் காட்டுகிறோம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பட்டதாரி அல்ல, பேராசிரியர் அல்ல. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். சென்னைக்கு வந்தால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலே நின்றார். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர் கசக்கி எறிந்ததையெல்லாம் கையிலே ஏந்தினார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள்! 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. தமிழ் நாட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்தது. அதுதான் இன்று சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பலகை எழுதிப் பிழைத்த மனிதர் சேர்த்ததைத் தேடி, பல நாட்டு அறிஞர்கள் வருகிறார்கள். அவர் செய்ததில் நூறில் ஒரு பங்கை நம் வட்டக் கழகம் ஒவ்வொன்றும் செய்ய முடியாதா?

"அரசாங்கத்தின் ஆவணக் காப்பகம் எழும்பூரிலே இருக்கிறதே, அங்கே எல்லாம் இருக்காதா?" என்று கேட்கலாம். இருக்கிறது. 1909-இல் எழுந்த அந்தச் செங்கல் மாளிகையிலே 17-ஆம் நூற்றாண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு முதல் காத்து வைத்திருக்கிறார்கள். பழுதான தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டி உயிர் கொடுக்கும் பணியாளர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் தோழர்களே, அங்கே இருப்பது பெரும்பாலும் ஆண்டவன் எழுதிய கணக்கு. நாம் சொல்வது ஆலயத்து ஆண்டவனை அல்ல, நாட்டை ஆண்டவனை! 1939-இல் முதல் மொழிப் போரிலே சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அரசின் கோப்பிலே கைதிகள். நம் ஏட்டிலே மாவீரர்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, போலீசு எழுதி வைத்தது ஒன்று. சங்கத்துக்குச் சந்தா கொடுத்த நெசவாலைத் தொழிலாளி தன் வீட்டிலே சொன்னது வேறொன்று. இரண்டும் இருந்தால்தான் வரலாறு. ஒன்று மட்டும் இருந்தால் அது ஒருதலை வழக்கு.

இதிலே ஒரு வேதனையான வேடிக்கையும் உண்டு. கம்பெனிக்காரன் எழுதியது கந்தல் துணியை அரைத்துச் செய்த காகிதத்தில். முந்நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. நம் ஏடுகள் அச்சானது மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாளில். அந்தத் தாளின் உள்ளேயே அமிலம் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, மடித்த இடத்திலே முறிந்து, அப்பளம் போல நொறுங்குகிறது. ஈரோட்டிலே பெரியார் 1925-இல் தொடங்கிய 'குடி அரசு', காஞ்சியிலே அண்ணா 1942-இல் தொடங்கிய 'திராவிட நாடு', திருவாரூரிலே அதே 1942-இல் கலைஞர் துண்டு வெளியீடாகத் தொடங்கிய 'முரசொலி' ஆகிய எல்லாம் அந்தத் தாளிலே வந்தவைதான். டீக்கடையிலே ஒருவர் உரக்கப் படிக்க, முடிதிருத்தும் நிலையத்திலே பத்துப் பேர் சூழ்ந்து கேட்க, கைமாறிக் கைமாறி ஓர் இயக்கத்தை வளர்த்த தாள்கள்! அவை சாகின்றன, நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

பகைவன் நூலை எரித்தால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்களே! 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. கட்டிடத்தைப் பின்னர் எழுப்பினார்கள். எரிந்த ஓலைச் சுவடியை எவராலும் எழுப்ப முடியவில்லை. ஆனால் அந்தத் தமிழ் மக்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 2005-இல் 'நூலகம்' என்ற பெயராலேயே இணையத்திலே ஒரு முயற்சியைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றி வருகிறார்கள். தொண்டர்கள் தொடங்கிய வேலை அது! இனி எவன் தீ வைத்தாலும் எரியாத இடத்திலே ஒரு படி இருக்கும். யாழ்ப்பாணத்தை எரித்தது பகைவன் வைத்த தீ. கே.கே. நகர்ப் பெட்டியை அழித்தது நம் அசட்டை. தீ ஒரே இரவில் செய்ததை அசட்டை அறுபது ஆண்டில் செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

என்ன செய்ய வேண்டும்? பணம் அதிகம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில், செய்யக் கூடாதவை. கிழிந்த தாளுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகி, எழுத்தையும் தின்னும். பளபளப்பாயிருக்கிறது என்று லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டிலே உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. குண்டூசி, கிளிப்பு, ரப்பர் வளையம் வேண்டாம். துருவும் பிசினும் தாளை அரிக்கும். வெயிலில் காய வைக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியவை. மடித்த தாளை மெதுவாக விரித்துத் தட்டையாக வையுங்கள். தரையிலே வைக்க வேண்டாம். சுவரை ஒட்டியும் வேண்டாம். கரையான் ஏறும் வழியும் ஈரம் இறங்கும் வழியும் அவைதான். தூய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்; கை படாத கட்டைத்தான் இராமபாணப் பூச்சி தேடி வரும். நம் பாட்டிமார் ஏட்டுக் கட்டிலே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்தார்கள். நீங்களும் வைக்கலாம், தாளின் மேலே படாமல் பக்கத்திலே வையுங்கள்.

வெள்ளம் வந்தால்? 2015 டிசம்பரிலே அடையாறு பொங்கியதைப் பக்கத்து ஜாபர்கான்பேட்டை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த தாள் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் நிழலிலே, மின்விசிறிக் காற்றிலே, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்காதீர்கள். கட்டு பெரிதாயிருந்து உடனே உலர்த்த முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, தெரிந்தவரைக் கேளுங்கள்.

அடுத்தது படம். இன்று கைப்பேசி இல்லாத தோழர் இல்லை. சன்னல் பக்கத்து மேசையிலே தாளை வைத்து, பளிச்சென்று வெட்டும் விளக்கைப் போடாமல், நேர் மேலிருந்து, பக்கத்துக்கு ஒரு படம் எடுங்கள். படத்துக்கு ஏட்டின் பெயரும் நாளும் இடுங்கள். மூன்று படி, இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். கைப்பேசி தொலைந்தால் வரலாறும் தொலையக் கூடாது. கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் அரிய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கும்படி இணையத்திலே வைத்திருக்கிறது. அரியது எது, எளியது எது என்று அறிந்தவர் அங்கே உண்டு, தரமணியிலும் உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் தந்தார், என்று தந்தார், என்ன தந்தார் என்று எழுதுங்கள். வாங்கினால் ரசீது கொடுங்கள். தர மனமில்லாத குடும்பத்தை வற்புறுத்தாதீர்கள். அங்கேயே படமெடுத்துக் கொண்டு வணக்கம் சொல்லித் திரும்புங்கள். பழைய நிழற்படத்திலே நிற்பவர் யார் யார் என்று வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். அவர் போய்விட்டால் அந்த முகங்களுக்குப் பெயரில்லை. இன்னொன்று: நம்மைப் புகழ்ந்த தாளை மட்டும் வைக்காதீர்கள். நம்மைத் திட்டி அடித்த நோட்டீசையும் வையுங்கள். அதைக் கண்டு அஞ்சுவதற்கு நம் வழக்கு அவ்வளவு நோஞ்சான் அல்ல.

ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவே வேண்டியதில்லை. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலிலே ஒரு நாள் நின்று பாருங்கள். மருந்து வாங்க வந்த தொழிலாளி கசங்கிய அட்டையை எவ்வளவு பத்திரமாக நெஞ்சுப் பையிலிருந்து எடுக்கிறார்! முப்பது ஆண்டு உழைத்தேன் என்று வாயால் சொன்னால் பணிக்கொடை கிடைக்காது. வருங்கால வைப்பு நிதிக் கணக்குச் சீட்டு வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். கையிலே சீட்டில்லாதவன் கணக்கிலே இல்லாதவன் என்று தொழிலாளிக்குத் தெரியும். ஒரு மனிதனுக்குப் பொருந்துவது ஓர் இயக்கத்துக்குப் பொருந்தாதா? நூறாண்டு உழைத்தோம் என்று நாளை நம் பேரப் பிள்ளைகள் சொல்லும்போது, "சீட்டு எங்கே?" என்று உலகம் கேட்கும்.

மாநாட்டுக்கு வளைவு கட்டுகிறோம். தலைவர் வந்தால் தெருவெல்லாம் கொடி நடுகிறோம். தவறில்லை. அந்தச் செலவிலே ஓர் இரும்பு அலமாரி, ஒரு கட்டு வெள்ளைத் துணி, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு படிப்பகத்திலும் இவை இருக்கட்டும். வட்டத்துக்கு இரண்டு இளைஞர் போதும். வாரம் ஒரு வீடு என்று போனால், ஆண்டுக்கு ஐம்பது வீடு. எண்பது வயதைக் கடந்த தோழர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். காத்திருக்க நேரமில்லாதவர் அவர்தான்.

மூத்த தோழரின் அந்தக் காலிப் பெட்டியை நாம் கேட்டு வாங்கி வந்துவிட்டோம். துரு தேய்த்து, வண்ணம் பூசி, படிப்பகத்திலே வைத்திருக்கிறோம். அதிலே இப்போது மூன்று வீட்டுக் கட்டுகள் இருக்கின்றன.

நாளைக் காலையும் அந்தக் குரல் கேட்கும்: "பழைய பேப்பர்!" உங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஏதேனும் இறங்கினால், தராசிலே ஏறும் முன்பு ஒரு முறை அவிழ்த்துப் பாருங்கள், தோழர்களே. உங்கள் பாட்டன் பெயர் அதிலே இருக்கக் கூடும்.